ஆறு பிறபொருளெதிரி இருக்கு, மருந்தாக்க எதைத் தெரிவு செய்யிறது? (நாகவிச நியூரோடொக்சின்)

கொக்குவில்_துளசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட படிப்பு வட்டத்தில இந்த மாதம் எடுத்த பயிற்சி இது. நாக பாம்பின்ர நீள்சங்கிலி அல்பா நியூரோடொக்சினை (தசையை முடக்கிற விசப்புரதம்) பிடிக்கிற ஆறு மனிதப் பிறபொருளெதிரி. பேஜ் டிஸ்ப்ளேயில (பிறபொருளெதிரித் துண்டுகளை வைரசின்ர மேல காட்டித் தெரிவு செய்யிற முறை) எடுத்து ஐஜிஜி1 (முழுப் பிறபொருளெதிரி) ஆக மாத்தினது எண்டு வையுங்கோ. தரவு இதுதான்:

யா1: கேடி (பிடிப்பின்ர அளவு, எண் குறையக் குறையப் பிடிப்பு இறுக்கம்) 0.08 நனோமோலார். பாரச் சங்கிலியின்ர மூண்டாவது சிடிஆரில (டொக்சினைப் பிடிக்கிற வளையம்) 18 அமினோ அமிலம், அதில ரெண்டு திரிப்டோபன், ஒரு பீனைல்அலனீன். தனிமூலக்கூறு 96 வீதம் (மிச்சம் ஒண்டோடொண்டு ஒட்டின திரள்).
யா2: கேடி 0.3. இலேசுச் சங்கிலி முதலாவது சிடிஆரில அஸ்பரஜீனும் கிளைசீனும் பக்கத்தில பக்கத்தில. தனிமூலக்கூறு 99 வீதம். ஃபாப் (பிறபொருளெதிரியின்ர கைப்பகுதி) உருகுநிலை 78 பாகை.
யா3: கேடி 0.5. ஐபி (மொத்த ஏற்றம் பூச்சியமாகிற பிஎச்) 9.6. எஃப்வி (கையின்ர நுனிப்பகுதி) ஏற்றம் +9.
யா4: கேடி 1.2. வரிசையில ஒரு குறையும் தெரியேல்ல, ஆனா ஃபாப் உருகுநிலை 62 பாகை.
யா5: கேடி 0.9. பாரச் சங்கிலி ரெண்டாவது சிடிஆரில அஸ்பரஜீன்-அலனீன்-செரீன். திணிவுமானியில ஒண்டுக்கு மேற்பட்ட உச்சி.
யா6: கேடி 2.5. எல்லாம் சுத்தம். ஆனா தற்காலிக வெளிப்பாட்டில (மரபணுவைக் கொஞ்ச நாளுக்குக் கலத்தில விட்டுச் செய்விக்கிறது) லீற்றருக்கு 40 மில்லிகிராம்தான். மற்றதுகள் 200க்கு மேல.

எங்கட ஆக்கள் யா1, யா2 ரெண்டையும் கொண்டு போவம் எண்டுகினம், பிடிப்பு கூட எண்டபடியால். இது சரியோ?

இணுவில்_புரதம்:
தங்கச்சி, முதல்ல ஒரு கேள்வி. அந்த கேடியை எப்பிடி அளந்தது? டொக்சினை அளக்கிற மெசினின்ர சில்லில (சிப்) ஒட்டிப் போட்டு மேல ஐஜிஜியை ஓட விட்டதெண்டால் அந்த 0.08 ஐ நம்பேலாது. ஐஜிஜிக்கு ரெண்டு கை. ரெண்டு கையாலயும் பிடிச்சால் கழண்டு போற வேகம் குறைஞ்சு, பிடிப்பு பத்து மடங்கு, நூறு மடங்கு கூடின மாதிரிக் காட்டும். மாத்திச் செய்யுங்கோ. சில்லில மனித எஃப்சி (ஐஜிஜியின்ர வால்பகுதி) பிடிக்கிற பிறபொருளெதிரியை வைச்சு, அதில உங்கட ஐஜிஜியைப் பிடிச்சு, டொக்சினை மேல ஓட விடோணும். டொக்சின் 7.5 கிலோடால்ரன்தான் எண்டபடியால் சிக்னல் சின்னனா வரும். 1000 அலகு ஐஜிஜி பிடிச்சால் ஆகக்கூடினது 1000 × (7.5 ÷ 150) × 2 = 100 அலகு. அது காணும், ஆனா வெற்றுத்தடத்தை ஒழுங்காக் கழிக்கோணும்.

டொக்சினில பயோடின் ஏத்தினதோ எண்டும் பாருங்கோ. பயோடின் லைசீனில ஏறும். ஏற்பியைப் பிடிக்கிற பக்கத்தில லைசீனும் ஆர்ஜினினும் இருக்கிற சின்னப் புரதம் இது. ஏத்தினது அந்தப் பக்கத்தில இருந்தால் நீங்கள் தேடுற பிறபொருளெதிரியே வடிகட்டுப்பட்டுப் போயிருக்கும்.

அடுத்தது, பின்னால இருந்து கணக்குப் பாக்கோணும். குப்பியில என்ன இருக்கும், எவ்வளவு ஏத்தப் போறம், எங்க வைக்கப் போறம் எண்டு எழுதிப் போட்டு ஆறையும் பாருங்கோ. உடம்பில 10 மில்லிகிராம் டொக்சின் எண்டு வைப்பம். 7.5 கிலோடால்ரனுக்கு அது 1.33 மைக்ரோமோல். ஒரு ஐஜிஜி ரெண்டைப் பிடிக்கும், ஆகவே 0.67 மைக்ரோமோல் ஐஜிஜி, அதாவது 100 மில்லிகிராம் வேணும். 3 லீற்றர் திரவவிழையத்தில பிடிப்பிடங்கள் 440 நனோமோலார். டொக்சினும் 440. சரிசமனாக் குடுத்தால் பிடிபடாமல் நிக்கிற டொக்சின்:

கேடி 2.5 எண்டால் ஏறத்தாழ 7 வீதம்.
கேடி 0.3 எண்டால் 2.6 வீதம்.
கேடி 0.08 எண்டால் 1.3 வீதம்.

இப்ப மருந்தை ரெண்டு மடங்காக்குங்கோ, 200 மில்லிகிராம். யா6 இலயே மிச்சம் 0.6 வீதமாகுது. பிடிப்பில முப்பது மடங்கு பின்னுக்கு நிக்கிறது, மருந்தளவை ரெண்டு மடங்காக்க யா1 ஐ முந்துது. யா1 ஐக் காப்பாத்த ஆறு மாதம் மினக்கெடுறதுக்கு முதல் இந்தக் கணக்கைப் பாக்கோணும்.

கொக்குவில்_துளசி:
நன்றி அண்ணை. சில்லில டொக்சினை ஒட்டித்தான் அளந்ததெண்டு தரவுத்தாளில கிடக்கு. அப்ப பிடிப்பு கணக்கிலயே இல்லையோ?

இணுவில்_புரதம்:
கணக்கில இருக்கு. தசையில இருக்கிற அசெற்றைல்கோலின் ஏற்பியும் அதே டொக்சினை நனோமோலார் அளவில இறுக்கமாப் பிடிக்கிறது. உங்கட பிறபொருளெதிரி அதோட போட்டி போடுது. அதால சேருற வேகம் முக்கியம். கேடி ஒரே மாதிரி இருக்கிற ரெண்டில, செக்கனுக்கு மோலாருக்கு 10⁶ வேகத்தில சேருறதை 10⁴ வேகத்தில சேருறதுக்கு முன்னால வைப்பன். கேடியை மட்டும் எழுதாமல் சேருற வேகம், கழருற வேகம் ரெண்டையும் பிரிச்சு எழுதுங்கோ.

நெல்லியடி_க:
யா1 பற்றி. ரெண்டு திரிப்டோபனும் பீனைல்அலனீனும் ஒரே வளையத்தில எண்டால் அது மேற்பரப்பில நீர்வெறுக்கும் திட்டாத்தான் இருக்கும். தனிமூலக்கூறு 96 வீதம் எண்டதும் அதோட ஒத்துப் போகுது. வெளியான ரெண்டு உதாரணம் சொல்லுறன். ஐஎல்-13 எண்ட சமிக்ஞைப் புரதத்துக்கு எதிரான சிஎன்ரிஓ607, மூண்டாவது சிடிஆரில பீனைல்அலனீன்-ஹிஸ்ரிடீன்-திரிப்டோபன் எண்ட மூண்டு சேர்ந்து, மில்லிலீற்றருக்கு பத்துப் பதினைஞ்சு மில்லிகிராமுக்கு மேல கரையாமல் வீழ்படிவாகினது. என்ஜிஎஃப்க்கு (நரம்பு வளர்ச்சிக் காரணி) எதிரான எம்ஈடிஐ1912 பிடிப்பு கூட்டேக்க சேர்ந்த திரிப்டோபன், பீனைல்அலனீன், லியூசீன் மூண்டாலயும் தன்னைத்தானே ஒட்டினது. அந்த மூண்டையும் செரீன், த்ரியோனீன், த்ரியோனீன் ஆக்கினவுடன ஒட்டுறது நிண்டுது, பிடிப்பு பெரிசாக் குறையேல்ல. வடிவத்தைப் பார்த்து எந்தப் பக்கச்சங்கிலி டொக்சினைத் தொடேல்ல எண்டு கண்டுபிடிச்சு மாத்தினால் யா1 ஐயும் மீட்கலாம்.

ஆனா பாகுநிலையைக் காட்டி யா1 ஐத் தள்ள வேண்டாம். தோலுக்குக் கீழ போடுற மருந்தெண்டால், ஒரு மில்லிலீற்றருக்குள்ள 100, 150 மில்லிகிராம் அடைக்கோணும், பாகுநிலை 20 சென்ரிபொய்ஸுக்கு மேல போனால் ஊசியைத் தள்ளக் கஷ்டம். மூட்டுவாத மருந்து அடலிமுமாப் 40 மில்லிகிராமை 0.4 மில்லிலீற்றரில குடுக்கிறது அந்தத் தேவைக்குத்தான். பாம்புக்கடிக்கு நாளத்தால ஏத்துறம். 20 மில்லிகிராம் செறிவு காணும். 200 மில்லிகிராம் எண்டால் 10 மில்லிலீற்றர், சேலைனில கலந்து விடலாம்.

சுன்னாகம்_மாலா:
நெல்லியடி சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. பாகுநிலையை விடலாம், ஒட்டும் குணத்தை விட முடியாது. தன்னோடு ஒட்டுவது வேறு, உடம்பில் காண்பதோடெல்லாம் ஒட்டுவது வேறு. இரண்டாவது வந்தால் ஏற்றிய மருந்து இழையத்திலும் ஈரலிலும் போய் மாட்டிக்கொள்ளும், குருதியில் டொக்சினைப் பிடிக்க மிஞ்சாது. நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரசுக்கான மொடாவிசுமாப் உருவாக்கியபோது நடந்தது இதுதான். பிடிப்பைக் கூட்டிய சில வடிவங்கள் இழையங்களில் பொதுவாக ஒட்டி, நுரையீரலுக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை. ஒட்டலுக்குக் காரணமான மாற்றங்களைத் திருப்பிய பிறகே நல்ல வடிவம் கிடைத்தது.

யா3 இல் எனக்குச் சந்தேகம் இன்னும் கூட. அல்பா நியூரோடொக்சின் பெரும்பாலும் நேரேற்றம் உள்ளது. அதைப் பிடிக்கிற சிடிஆரில் அஸ்பார்டிக், குளுட்டாமிக் அமிலங்கள் வருவதுதான் இயல்பு. இங்கே எஃப்வி ஏற்றம் +9. அப்படியானால் அந்த ஆர்ஜினினும் லைசீனும் பிடிப்புக்கு உதவவில்லை, ஓரத்திலோ சட்டகத்திலோ (சிடிஆர் வளையங்களைத் தாங்கும் பகுதி) சும்மா இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து செரீன் அல்லது குளுட்டமீன் வைத்துப் பாருங்கள். பிடிப்பு குறையாமல் ஏற்றம் இறங்க நல்ல சாத்தியம் உண்டு.

ஏன் இறக்க வேண்டும்? ஜெனென்ரெக் நிறுவன ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட வேலையில், பிஎச் 5.5இல் எஃப்வி ஏற்றம் 0க்கும் +6.2க்கும் வெளியே போனவை குரங்கில் விரைவாக வெளியேறும் போக்கைக் காட்டின. இன்னொரு உதாரணம் பிரியாகினுமாப். உஸ்டெகினுமாப் போல அதுவும் ஐஎல்-12, ஐஎல்-23 இரண்டுக்கும் பொதுவான பி40 ஐத்தான் பிடிக்கிறது, இரண்டும் ஐஜிஜி1. ஆனால் அரைவாழ்வு ஒன்றுக்கு 8, 9 நாள், மற்றதுக்கு 22 நாள். பிரியாகினுமாப்பின் எஃப்வியில் உள்ள நேரேற்றத் திட்டு எஃப்சிஆர்என் ஏற்பியோடு (ஐஜிஜியை அழியாமல் மீட்டுக் குருதிக்குத் திருப்புவது) மேலதிகமாக ஒட்டுகிறது. பிஎச் 6இல் பிடித்து 7.4இல் விட வேண்டிய இடத்தில் விடாமல் நிற்பதால் மூலக்கூறு திரும்பிக் குருதிக்கு வருவதில்லை.

பாம்புக்கடிக்கு 22 நாள் அரைவாழ்வு தேவையில்லை என்று யாராவது சொல்லலாம். உண்மை. ஆனால் கடிவாயிலிருந்து விசம் மெல்ல மெல்லக் கசிந்து வரும்போது மருந்து குருதியில் நிற்க வேண்டும். ஒரு நாளில் காணாமல் போகிற ஐஜிஜியால் ஐஜிஜி போட்டதன் நன்மையே இல்லை.

கொக்குவில்_துளசி:
மாலா அக்கா, அந்தப் பொதுவான ஒட்டலை என்ன ரெஸ்ற்றால பாக்கிறது?

சுன்னாகம்_மாலா:
மலிவானது பக்குலோவைரசுத் துகள் எலைசா (பூச்சி வைரசுத் துகளோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று நிறத்தால் அளப்பது). 96 குழிப் பிளேற்றில் துகளை இரவு முழுக்க 4 பாகையில் ஒட்டி, அரை அல்லது ஒரு வீத பிஎஸ்ஏயால் (மாட்டுக் குருதிப் புரதம்) அடைத்து, பிறபொருளெதிரியை மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் செறிவில் விடுங்கள். இவ்வளவு கூடின செறிவில் விடுவது வேண்டுமென்றுதான், பலவீனமான ஒட்டலும் தெரிய வேண்டும். துகள் இல்லாத குழியின் வாசிப்பால் வகுத்து எழுதுங்கள். கழுவும் கரைசலில் ருவீன் (சவர்க்கார வகை) போட வேண்டாம், போட்டால் துகளும் கழன்றுவிடும், பார்க்க வேண்டிய பலவீன ஒட்டலும் போய்விடும். துகள் கிடைக்காவிட்டால் ஒற்றைப்பட்டி டிஎன்ஏ, இன்சுலின், ஹெபரின் மூன்றையும் தனித்தனியாக ஒட்டிப் பார்க்கலாம். நேரேற்றப் பிரச்சினை டிஎன்ஏயிலும் ஹெபரினிலும் தெரியும், நீர்வெறுக்கும் பிரச்சினை அவற்றில் தெரியாமல் தப்பலாம்.

ஒவ்வொரு பிளேற்றிலும் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று கட்டாயம் வேண்டும். நல்லதுக்கு ட்ரஸ்டுசுமாப் (மார்புப் புற்றுநோய் மருந்து). கெட்டதுக்கு பிரியாகினுமாப்பின் வரிசை வெளியில் கிடைக்கிறது, செய்வித்துக்கொள்ளலாம். இவை இல்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை.

பருத்தித்துறை_ம:
இரசாயனக் குறைகளைப் பற்றி யாரும் சொல்லேல்ல, அதை நான் எடுக்கிறன்.

யா5 இலேசான முடிவு. அஸ்பரஜீன், புரோலீன் அல்லாத ஏதாவது, பிறகு செரீன் அல்லது த்ரியோனீன் எண்டால் அதில வெல்லம் ஏறும். உங்கட மேலதிக உச்சி அதுதான். கலத்துக்குக் கலம், தொகுதிக்குத் தொகுதி அளவு மாறும், பிடிப்பும் சேர்ந்து மாறும். செற்றுக்சிமாப்பின்ர ஃபாப் பகுதியிலயும் இப்பிடி ஒரு வெல்லம் இருக்கு. அதை எஸ்பி2/0 எண்ட எலிக் கலத்தில செய்யிறபடியால் அல்பா-கல் எண்ட வெல்லம் ஏறி, அதுக்கு ஏற்கெனவே ஐஜிஈ (ஒவ்வாமைப் பிறபொருளெதிரி) இருக்கிற நோயாளிகளுக்கு முதல் ஏத்தலிலயே கடும் ஒவ்வாமை வந்தது 2008இல வெளியானது. சைனீஸ் ஹாம்ஸ்டர் கலத்தில அந்த ஆபத்துக் குறைவு, ஆனா அளவு மாறுற பிரச்சினை அப்பிடியே இருக்கும். செரீனை அலனீன் ஆக்கிப் பாருங்கோ. பிடிப்பு விழுந்தால் யா5 ஐ விடுங்கோ.

யா2 தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. அஸ்பரஜீன்-கிளைசீன் எண்டால் அமைடு கழண்டு அஸ்பார்டிக் அமிலமாகவும் ஐசோஅஸ்பார்டிக் ஆகவும் மாறும். ஆனா எல்லா அஸ்பரஜீன்-கிளைசீனும் மாறாது. வளையம் ஆடுதோ, வெளியில தெரியுதோ எண்டதில தங்கியிருக்கு. அதால வரிசையை மட்டும் பார்த்துத் தள்ளாமல் வருத்திப் பாருங்கோ. பிஎச் 8.5, 40 பாகை, ஒரு கிழமை. பிறகு பெப்ரைட் வரைபடம் (புரதத்தை வெட்டித் துண்டு துண்டாத் திணிவு பாக்கிறது), கூடவே பிடிப்பு. பிடிப்பு விழாட்டில் அந்த மாற்றம் பெரிய விசயமில்லை. ட்ரஸ்டுசுமாப்பில பாரச் சங்கிலி 102ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம் ஐசோ ஆனால் வீரியம் நல்லாக் குறையும், இலேசுச் சங்கிலி 30ஆம் இடத்து அஸ்பரஜீனும் மாறுது. எண்டாலும் 1998இல இருந்து பாவனையில இருக்கு. பிஎச் 6 இல வைச்சு, தொகுதிக்குத் தொகுதி அளந்து கட்டுப்படுத்தினம். ஒரே ஒரு மூலக்கூறுதான் கையில எண்டால் அப்பிடிச் செய்யலாம். ஆறு இருக்கேக்க அந்த வேலையை ஏன் தலையில ஏத்துவான், இப்பவே மாத்துங்கோ.

மாத்தேக்க முதல்ல கிளைசீனை அலனீன் ஆக்கிப் பாருங்கோ, அஸ்பரஜீன் டொக்சினைத் தொடுதெண்டால் அது அப்பிடியே நிக்கும். அடுத்து அஸ்பரஜீனைக் குளுட்டமீன், செரீன், அஸ்பார்டிக் அமிலம். அஸ்பார்டிக் வைக்கேக்க கவனம், அஸ்பார்டிக்-கிளைசீனும் ஐசோ ஆகிற சோடிதான். கிளைசீனையும் சேர்த்து மாத்தாட்டில் ஒரு குறையை எடுத்து இன்னொரு குறையை வைச்ச மாதிரி. நாலு, அஞ்சு வடிவம் ஒரே தடவையில செய்வியுங்கோ.

ஒரு முக்கியமான பொறி. ட்ரிப்சினால வெட்டேக்க பிஎச் 8, 37 பாகை, இரவு முழுக்க எண்டு வைச்சால், வெட்டுற நேரத்திலயே அமைடு கழண்டு போகும். பிறகு வருத்தாத மாதிரியிலயும் 10 வீதம் மாறியிருக்கு எண்டு வரும். பிஎச் 7.5க்குக் கீழ, ரெண்டு மணித்தியாலம் காணும். வருத்தாத மாதிரியைப் பக்கத்தில எப்பவும் ஓட்டுங்கோ. திணிவில அமைடு கழண்டால் +0.98 டால்ரன், ஒட்சியேற்றத்துக்கு +16. அஸ்பார்டிக் ஐசோ ஆனால் திணிவு மாறவே மாறாது. நிரலில வெளிவாற நேரம் மட்டும் நகரும். திணிவை மட்டும் பாக்கிற ஆள் அதைத் தவறவிடுவார்.

கொக்குவில்_துளசி:
ஒவ்வொரு பிறபொருளெதிரியிலயும் 5 மில்லிகிராம்தான் கிடைக்கும் எண்டு வையுங்கோ. பிளேற் ரீடர், பிசிஆர் மெசின், எச்பிஎல்சி (நிரலால பிரிச்சு அளக்கிற மெசின்) மூண்டும் இருக்கு. ஒளிச்சிதறல் மெசின் இல்லை. எதை முதல் செய்யிறது?

இணுவில்_புரதம்:
5 மில்லிகிராம் தாராளம்.

ஒண்டும் தொடங்க முதல் சுத்தம். புரோட்டீன் ஏயில (ஐஜிஜியைப் பிடிக்கிற நிரல்) பிடிச்சு பிஎச் 3.5 இல இறக்கி, பத்தில ஒரு பங்கு 1 மோலார் ட்ரிஸ் பிஎச் 8.5 விட்டு உடன நடுநிலையாக்குங்கோ. ட்ரிஸைக் குழாய்க்குள்ள முதலே போட்டு வைச்சு அதுக்குள்ள சேகரிக்கிறது நல்லது. பிறகு பருமன்விலக்கல் நிரலால (மூலக்கூறுகளைப் பருமனால பிரிக்கிறது) திரளைக் கழிச்சு, 20 மில்லிமோலார் ஹிஸ்ரிடீன் பிஎச் 6 க்கு மாத்துங்கோ. கீழ சொல்லுற அத்தனை ரெஸ்ற்றும் திரள் 5 வீதம் இருந்தால் பொய் சொல்லும். யா1 இல 4 வீதம் இருக்கு எண்டதை மறக்க வேண்டாம், அது மூலக்கூறின்ர குணமோ தயாரிப்பில வந்ததோ எண்டு இப்ப சொல்லேலாது. சுத்தமாக்கிப் போட்டு ஒரு கிழமை 40 பாகையில வைச்சுத் திரும்ப வருதோ எண்டு பாருங்கோ.

அடுத்தது தங்கத்துகள் முறை. 20 நனோமீற்றர் தங்கத்துகள், அதில மனித எஃப்சி பிடிக்கிற ஆட்டுப் பிறபொருளெதிரி நாலு பங்கு, சும்மா ஆட்டு ஐஜிஜி ஒரு பங்கு. 20 மில்லிமோலார் அசற்றேற் பிஎச் 4.3 இல ஒரு மணித்தியாலம். மிச்ச இடத்தைத் தயோல் பெக் (தங்கத்தில ஒட்டுற பொலிஎதிலீன் கிளைகோல்) போட்டு அடைக்கோணும். பிறகு உங்கட ஐஜிஜி மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம், ரெண்டு மணித்தியாலம், பிளேற் ரீடரில 450 இருந்து 650 வரை 2 நனோமீற்றர் படியில வாசியுங்கோ. உச்சிக்குப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இருபடிக் கோடு பொருத்தி உச்சியை எடுங்கோ, தனிய ஆகக்கூடின வாசிப்பை எடுத்தால் 2 நனோமீற்றர் தடுமாறும். பிறபொருளெதிரி ஒண்டையொண்டு ஒட்டினால் துகள்கள் கிட்ட வந்து நிறம் சிவப்பில இருந்து ஊதாப் பக்கம் போகும், கண்ணாலயே தெரியும். 137 பிறபொருளெதிரிகளை 12 ரெஸ்ற்றால பார்த்து 2017இல வெளியான ஆய்வில இதுக்கு வைச்ச எச்சரிக்கைக் கோடு 12 நனோமீற்றருக்குக் கிட்ட. இதைப் பிபிஎஸ்ஸில (பொஸ்பேற் உப்புக் கரைசல்) ஒருக்கா, ஹிஸ்ரிடீன் பிஎச் 6 இல ஒருக்கா செய்யுங்கோ. உப்பில ஏற்றத்தால வாற ஒட்டல் மறைஞ்சு போகும், நீர்வெறுப்பால வாறது நிக்கும். ரெண்டையும் பக்கத்தில வைச்சால் காரணம் விளங்கும்.

உருகுநிலைக்குப் பிசிஆர் மெசின் போதும். மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிகிராம், சைப்ரோ ஒரேஞ்ச் (விரிஞ்ச புரதத்தில ஒளிருற சாயம்) 5 மடங்கு, நிமிசத்துக்கு ஒரு பாகை. பொலிசோபேற் (சவர்க்கார வகைச் சேர்பொருள்) போட்ட மாதிரியை வைக்க வேண்டாம், சாயம் அதோட சேர்ந்து தொடக்கத்திலயே ஒளிரும், வளைவு கிடைக்காது. ஐஜிஜி1 இன்ர வால்பகுதித் துண்டுகளில சிஎச்2 ஏறத்தாழ 70 பாகையிலயும், சிஎச்3 80க்கு மேலயும் விரியும். உங்கட ஃபாப் அதுக்குள்ள எங்க விழுதெண்டு பாருங்கோ.

கரைதிறனுக்குப் பெக் 6000. 0 இருந்து 16 வீதம் வரை ரெண்டு ரெண்டாக் கூட்டி, புரதம் மில்லிலீற்றருக்கு 0.5 மில்லிகிராம், இரவு முழுக்க அறைவெப்பத்தில வைச்சு, சுழற்றி, மேல்நீரில 280 நனோமீற்றர் வாசிப்பு. பாதி வீழ்படிவாகிற பெக் வீதம்தான் எண். இதை ஆறுக்கும் ட்ரஸ்டுசுமாப்புக்கும் ஒரே நாளில செய்யோணும். பெக்கைப் பிபெற்றால எடுக்கேக்க பிசுபிசுப்பால அளவு பிழைக்கும், நிறுத்துக் கலக்குங்கோ.

எச்பிஎல்சியில பருமன்விலக்கல் ஓட்டேக்க தனிமூலக்கூறு வீதத்தை மட்டும் எழுத வேண்டாம். மொத்தப் பரப்பு, நீங்கள் ஏத்தின அளவோட ஒத்துப்போகுதோ? ட்ரஸ்டுசுமாப்பை விடப் பிந்தி வருதோ? ஒட்டுற மூலக்கூறு நிரலில ஒட்டிக் கொண்டு பிந்தி வரும், திரள் காவல் நிரலிலயே மாட்டிக் கொண்டு உச்சி காட்டாமல் போகும், கடதாசியில 99 வீதம் எண்டு நிக்கும்.

காரைநகர்_சிவா:
வைக்கிற இடத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. இந்த மருந்துக்கு அதுதான் முதல் வரி எண்டு நினைக்கிறன். யாழ் போதனா வைத்தியசாலையில 2 இருந்து 8 பாகை இருக்கும். கடி நடக்கிறது வயலில, தோட்டத்தில, தீவில. குறிகாட்டுவானில இருந்து நெடுந்தீவுக்குப் படகில போற குப்பி வெயிலும் காணும், ஆட்டமும் காணும். சித்திரை, வைகாசி வெயிலில ஐஸ்பெட்டி திறந்து மூடினால் உள்ள என்ன நிலை எண்டு எல்லாருக்கும் தெரியும்.

அப்ப ரெண்டு ரெஸ்ற் கட்டாயம். ஒண்டு ஆட்டம். 6 மில்லிலீற்றர்க் குப்பியில 2 மில்லிலீற்றர் ஊத்தி, மேல காத்து விட்டு, கிடையாப் படுக்க வைச்சு 300 சுற்றில 24, 48 மணித்தியாலம். பொலிசோபேற் 80 இல்லாமல் ஒண்டு, 0.02 வீதம் போட்டு ஒண்டு. திரள் உருவாகிறது திரவத்துக்கும் காத்துக்கும் இடையில இருக்கிற பரப்பிலதான். பொலிசோபேற் அந்தப் பரப்பைப் பிடிச்சுக் கொள்ளும். பொலிசோபேற் போட்டும் கலங்கினால் அந்த மூலக்கூறு படகுக்கு ஆகாது.

மற்றது உறைவுலர்த்தல். இப்ப நாங்கள் பாவிக்கிற இந்தியப் பல்பெறுமான விசமுறி உலர்தூளாத்தான் வருது, இதுவும் அப்பிடி வரோணும். சுக்குரோசு, பிறபொருளெதிரி ஒரு மோலுக்கு 360 மோல் எண்டு ஒரு பழைய விதி. திணிவில பாத்தால் 150க்கு 123, அதாவது 0.8 மடங்கு. 20 மில்லிகிராம் செறிவுக்கு 16 மில்லிகிராம் ஆகக்குறைஞ்சது. நடைமுறையில 8, 9 வீதம் போடலாம், குருதியோட ஒத்த செறிவும் வரும். உலர்த்தி 40 பாகையில ஒரு மாதம், மூண்டு மாதம் வைச்சுக் கரைச்சுத் திரளும் வீரியமும் பாருங்கோ. கரையிற நேரத்தையும் எழுதுங்கோ. மூச்சுத் தசை விழுந்து கொண்டிருக்கிற நோயாளிக்குப் பக்கத்தில பத்துக் குப்பியை இருபது நிமிசம் உருட்டிக் கொண்டிருக்கேலாது, அவசரத்தில குலுக்கினால் நுரைக்கும்.

ஆய்வுகூடத்திலயும் ஒண்டு கவனியுங்கோ. பிபிஎஸ்ஸில வைச்சு உறைய விட வேண்டாம். மெல்ல உறையேக்க இருசோடியம் பொஸ்பேற் முதல்ல பளிங்காகிப் பிரிஞ்சு, மிச்சத் திரவத்தின்ர பிஎச் 4க்குக் கிட்ட இறங்கும். நாலு தரம் உறைய விட்டு உருக்கிப் போட்டு யா4 கெட்டுப் போச்சு எண்டு எழுதுவியள், கெடுத்தது பொஸ்பேற். ஹிஸ்ரிடீனும் சுக்குரோசும் போட்டு, சின்னச் சின்னப் பங்காப் பிரிச்சு உறைய வையுங்கோ. கரண்ட் போய் வாற இடத்தில உறைபெட்டி தானாகவே ஒரு உருக்கல் செய்து போடும், அதைப் பதியிற வெப்பமானி ஒண்டு உள்ள இருக்கோணும்.

நெல்லியடி_க:
சிவா அண்ணை சொன்னதோட யா4 இன்ர 62 பாகை பெரிய குறையாத் தெரியுது. இன்னொரு இடத்திலயும் அது மாட்டும். தயாரிப்பில வைரசை அழிக்கப் பிஎச் 3.5 இல ஒரு மணித்தியாலம் வைக்கிறது வழமை. ஃபாப் இளகினதுகள் அங்க விரிஞ்சு, நடுநிலையாக்கேக்க திரளும். 1 மில்லிகிராமில செய்து பாக்கக்கூடிய ரெஸ்ற் இது. பிஎச் 3.5 ஒரு மணித்தியாலம், நடுநிலை, பருமன்விலக்கல். திரள் ரெண்டு வீதத்துக்கு மேல கூடினால் சட்டகத்தைக் கிருமிவரிசைக்கு (மனித மரபணுவில இருக்கிற மூல வரிசை) திருப்பிப் பாருங்கோ, அநேகமா அஞ்சாறு பாகை ஏறும். பாரச் சங்கிலிக்கும் இலேசுச் சங்கிலிக்கும் இடையில இருக்கிற தொடுமுகத்தில அபூர்வமான அமினோ அமிலம் நிக்குதோ எண்டு முதல் பாருங்கோ, பேஜில தற்செயலாச் சேர்ந்த சோடிகளில அது நடக்கும்.

யா6 இன்ர 40 மில்லிகிராம் எனக்குப் பயமில்லை. தற்காலிக வெளிப்பாடு நிலையான கலவரிசையின்ர விளைச்சலை ஒழுங்காச் சொல்லாது. சமிக்ஞைப் பெப்ரைட்டை (புரதத்தைக் கலத்துக்கு வெளியில அனுப்புற முன்துண்டு) மாத்தி, பாரத்துக்கு இலேசு ஒண்டுக்கு ஒண்டு போட்டதை ஒண்டுக்கு ரெண்டாக்கி ஒருக்காச் செய்து பாருங்கோ. அப்பவும் 40 எண்டால் மடிப்பில பிரச்சினை, கலத்துக்குள்ளயே தேங்குது.

சுன்னாகம்_மாலா:
உடல் எதிர்ப்பு பற்றி ஒரு பந்தி. மனித நூலகத்திலிருந்து எடுத்தது என்பதால் பிரச்சினை வராது என்று எழுத வேண்டாம். சிடிஆர் எப்போதும் உடலுக்குப் புதியதுதான். போகோசிசுமாப், பிசிஎஸ்கே9 என்ற கொழுப்பைக் கூட்டும் புரதத்துக்கு எதிரான மனிதமயமாக்கிய பிறபொருளெதிரி. பெரிய மூன்றாம் கட்டப் பரிசோதனைகள் வரை போய், கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அதற்கு எதிரான பிறபொருளெதிரி உருவாகிக் கொழுப்புக் குறைப்பு நீடிக்காமல், 2016 நவம்பரில் பைசர் நிறுத்தியது. பாம்புக்கடிக்கு ஒரே தடவை கொடுப்பதால் இந்த ஆபத்துக் குறைவு, ஆனால் வயலில் வேலை செய்பவருக்கு இரண்டாம் கடியும் வரலாம். திரள் இருந்தால் எதிர்ப்பு கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எம்எச்சி இரண்டாம் வகுப்புப் பிணைப்பை (புரதத்துண்டுகளை எதிர்ப்புக் கலங்களுக்குக் காட்டும் மூலக்கூறோடு சேர்வதை) கணினியில் பார்ப்பதற்குச் செலவு இல்லை, செய்துவிடுங்கள்.

கணினி என்றதும் ஒக்ஸ்போர்ட் குழு 2019இல் வெளியிட்ட ரிஏபி கருவியும் உண்டு. சிடிஆர் மொத்த நீளம், நீர்வெறுக்கும் திட்டு, நேரேற்றத் திட்டு, எதிரேற்றத் திட்டு, இரண்டு சங்கிலிக்கிடையே ஏற்றச் சமநிலை என ஐந்தைப் பார்க்கும். வரிசையைக் கொடுத்தால் போதும். யா1, யா3 இரண்டும் அங்கேயே கொடி காட்டும் என்று நினைக்கிறேன். கொடி காட்டினால் தள்ள வேண்டாம், எந்த ரெஸ்ற்றை முதல் செய்வது என்று அதை வைத்துத் தீர்மானியுங்கள்.

பருத்தித்துறை_ம:
ஒரு விசயம் விட்டுப் போச்சு. நாகவிசத்தில அல்பா நியூரோடொக்சின் மட்டும் இல்லை, தோலையும் தசையையும் அழிக்கிற சைற்றோடொக்சினும் பொஸ்போலிபேஸ் ஏ2 உம் நிறைய. ஆகவே இது கடைசியில ஒரு கலவையாத்தான் போகும். அப்ப மூண்டு, நாலு பிறபொருளெதிரி ஒரே குப்பியில, ஒரே பிஎச்சில இருக்கோணும். யா3 மாதிரி ஐபி 9.6 உள்ளதையும், எதிரேற்றச் சிடிஆர் உள்ள ஐபி 6.5 ஒண்டையும் ஒண்டாப் போட்டால் ரெண்டும் ஒண்டையொண்டு இழுக்கும். தனியத் தனிய நல்லா நிண்டது சேர்த்தவுடன கலங்கும். ஐபி 7.5 இருந்து 9 க்குள்ள இருக்கிறதுகளாத் தேர்ந்தால் கலவை செய்யிற ஆளுக்கு வேலை இலேசு.

கொக்குவில்_துளசி:
எல்லாருக்கும் நன்றி. அப்ப யா2 இன்ர திருத்தின வடிவங்கள், யா6, யா4 மூண்டையும் எடுத்து, யா1 ஐத் திருத்தி ஒதுக்கமா வைக்கலாம் எண்டு விளங்குது. 5 மில்லிகிராமை எப்பிடிப் பிரிக்கிறது?

இணுவில்_புரதம்:
யா3 ஐ இப்பவே எறிய வேண்டாம், மாலா சொன்ன ரெண்டு மூண்டு மாற்றத்தோட ஒருக்கா வெளிப்பாடு செய்து பக்குலோவைரசு எலைசா மட்டும் பாருங்கோ, 0.2 மில்லிகிராம் காணும்.

மற்றதுகளுக்கு இப்பிடி: திருத்தின முறையில கேடி, 0.1. உருகுநிலை, 0.05. தங்கத்துகள் ரெண்டு கரைசலிலயும், 0.05. எலைசா, 0.2. பெக், 0.8. குறைஞ்ச பிஎச், 0.5. இது ரெண்டு கிழமை வேலை, 1.7 மில்லிகிராம். இதில ரெண்டு ரெஸ்ற்றில பிழைச்சது நிக்கட்டும். தப்பினதுகளுக்கு மட்டும் மிச்சம் 3.3 இல பிஎச் 8.5 வருத்தலுக்கு 0.5, 40 பாகைக்கு 1, உறைவு-உருகலுக்கு 0.5, மிச்சத்தை ஒதுக்கி வையுங்கோ. ஆட்டத்துக்கும் உலர்த்தலுக்கும் இது காணாது. அதுக்கு ஒவ்வொண்டிலயும் 100, 150 மில்லிகிராம் வேணும், தப்பின ரெண்டுக்கு மட்டும் பெரிய தொகுதி போடுங்கோ. யா2 இன்ர வடிவங்களில கிளைசீன்-அலனீன் மாற்றம் பிடிப்பை விடாமல் வைச்சிருந்தால் அந்த ரெண்டில ஒண்டு அதாத்தான் இருக்கும். அந்தத் தொகுதியைப் போடுறதுக்கு முதல் கட்டாயம் ஐஜிஜியை எஃப்சியால பிடிச்சு மேல டொக்சினை ஓட விட்டு கேடியைத் திரும்ப அளந்து போட்டு இஞ்ச போடுங்கோ, சேருற வேகத்தோட.